ஏழு நிமிடத்துக்கு ஆயத்தம்

தொலைபேசி அடித்தபோது அவள் ஏணியின் நான்காவது படியில் நின்று, யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் துறுதுறு. நாற்பத்தாறு வயதாகி, முழங்காலில் வலி வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

“நல்ல செய்திதாங்க,” என்றது ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண் குரல். “உங்க மார்புக் கட்டியில ஊசி போட்டு எடுத்த சதையைப் பாத்தாச்சு. புற்றுநோய் இல்ல.”

பத்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் கிடந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொன்னாள். இரண்டாவது முறையும் சொன்னாள்.

“அடுத்து நீங்க சர்ஜனைப் பாக்கணும்.”

“எதுக்குங்க? அதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களே.”

“அதை சர்ஜன்தான் சொல்லணும்.”

“அப்ப இப்பவே வர்றேங்க. ஏணியில நிக்கிறேன், இறங்கினாப் போதும்.”

குரல் பதறிவிட்டது. “அப்படியெல்லாம் நேரா வந்துடாதீங்க. நீங்க இன்னும் ஆயத்தமாகல.”

மறுநாள் ரிப்போர்ட் கைக்கு வந்தது. அதில் மொத்தம் இரண்டே வரி. கட்டியில் புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை என்பது முதல் வரி. இந்த முடிவு ஸ்கேன் படத்தோடு பொருந்தவில்லை, அறுவை மருத்துவரைக் கலந்துகொள்ளவும் என்பது இரண்டாவது வரி. அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். முதல் வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் தன் கருவிப் பையில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு அந்த முதல் வரியை மட்டும் ஒப்பித்தார்.

“ரெண்டாவது வரிக்கு என்னங்க அர்த்தம்? வெட்டணுமா, வேண்டாமா?”

“மொத வரி நல்லாத்தானே இருக்கு. அதோட நிறுத்திக்கோ.”

அவளால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சமைக்கும்போதும் தைக்கும்போதும் கை தானாக அந்த இடத்துக்குப் போனது. இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, புளியங்கொட்டை அளவு. இல்லை என்றால் எதற்கு சர்ஜன், இருக்கிறது என்றால் எதற்கு நல்ல செய்தி? இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியின் ஆயத்தப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. சர்ஜனின் அறை அதே மாடியில், அதே நடைபாதையின் மறுகோடியில் இருந்தது. இடையில் நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியைக் கடக்க ஒரு பச்சைப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. ஆறும் விழுந்தால்தான் சர்ஜன்.

ஆயத்த அதிகாரி கஞ்சி போட்ட சட்டைக்காரர். வந்திருந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து ஒரு வரவேற்புரை ஆற்றினார். அதைப் பலமுறை ஆற்றியவர் என்பது எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததிலேயே தெரிந்தது.

“நம்ம சர்ஜனோட நேரம் ரொம்ப ஒசத்தியானது. ஒரு நோயாளிக்கு ஏழு நிமிஷம். முன்னாடியெல்லாம் என்னாச்சு? வருவாங்க, உக்காருவாங்க, அழுவாங்க. பட்டனைத் தேடுவாங்க. பையில மூக்குக்கண்ணாடியைத் தேடுவாங்க. கடைசியில, ‘எனக்கு என்ன டாக்டர்’னு கேப்பாங்க. இது ஒரு கேள்வியா? போன வருஷம் அழுகையில மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு மணி நேரம் வீணாப் போச்சு. நானே ஒரு தட்டிக்குப் பின்னாடி வாட்சை வச்சுக்கிட்டு உக்காந்து கணக்கெடுத்தேன்.”

“எவ்வளவு நாள் காத்திருக்கணுங்க?” என்று துறுதுறு கேட்டாள். அவளுக்கு நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார வந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “இங்க யாருமே காத்திருக்கறதில்லம்மா. நான் பொறுப்பு எடுக்கறப்போ காத்திருப்போர் பட்டியல்ல நூத்தி நாப்பது பேர் இருந்தாங்க. இப்போ பூஜ்யம். ஒருத்தர் விடாம எல்லாரையும் ஆயத்தமாவோர் பட்டியலுக்கு மாத்திட்டேன். இதுக்கு விருதுகூடக் குடுத்தாங்க.”

முன்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் இதை எழுதிக்கொண்டார்.

முதல் கட்டம் அழுகை. அதற்குத் தனி அறை, இருபது நிமிடம், மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. மூலையில் ஒரு பணிப்பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். நோயாளி இங்கேயே அழுது முடித்துவிட்டால் சர்ஜன் முன்னால் அழ மாட்டார் என்பது திட்டம். துறுதுறு ஐந்து நிமிடம் முயன்றாள். வரவில்லை.

“நல்ல ரிசல்ட் வந்தவங்களுக்கு இப்படித்தாங்க, லேசுல வராது,” என்றார் பணிப்பெண் அனுதாபத்தோடு. “சோகமா எதையாவது நினைச்சுப் பாருங்க.”

துறுதுறு யோசித்தாள். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தைத்த இருபத்திரண்டு திரைகளும் நான்கு விரல் குட்டையாகப் போனது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நிஜமாகவே அழுதிருந்தாள். இப்போது அதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பணிப்பெண்ணும் சிரித்துவிட்டு, பதிவேட்டில் ‘பகுதி நிறைவு, மீண்டும் வரவும்’ என்று எழுதினார்.

இரண்டாம் கட்டத்துக்குத் துணையாள் வேண்டும். சர்ஜன் சொல்வதை நோயாளி பாதிதான் காதில் வாங்குவாராம், மீதியை வாங்குவதற்கு இன்னொருவர். கணவருக்கு லிப்ட் வேலை. ஆகவே அவருடைய அக்கா வந்தார். அண்ணி கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறவர். பரீட்சை என்று கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறவர். துணையாளுக்கும் தேர்வு உண்டு என்று தெரிந்ததும், வந்த காரியத்தையே மறந்துவிட்டார்.

தேர்வில் அண்ணிக்குத் தொண்ணூற்றாறு. நோயாளிக்கு அறுபத்தொன்று.

“நீ கவனமே இல்லாம உக்காந்திருக்கே,” என்றார் அண்ணி, வீடு திரும்பும் வழியில். “டாக்டர் ரூம்ல நாற்காலி எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு வலதுன்னு எழுதியிருக்கே. இடதும்மா.”

“அண்ணி, எனக்கு இருக்கறதும் இடதுதான். அதைப் பத்தி யாராவது கேட்டாங்களா?”

“அது சிலபஸ்ல இல்ல.”

அண்ணியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் மனதில் இருந்ததும் பயம்தான். மார்க் வாங்கினால் அது கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டம் பட்டன். ஏழு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் பட்டன் கழற்றுவதிலேயே போகிறதாம். போட்டிருக்கும் உடைக்கு மேல் ஒரு பயிற்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆறு பட்டன்களை நாற்பது வினாடிக்குள் கழற்ற வேண்டும். எதிரே சர்ஜனுக்குப் பதிலாகச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோட்டு அவருக்குத்தான் சரியாக இருந்ததாம். துறுதுறுவுக்கு விரல்தான் பிழைப்பு. பதினொரு வினாடியில் முடித்துவிட்டாள்.

“இது ரொம்ப வேகம்,” என்றார் பயிற்சியாளர். “நாப்பதுன்னா நாப்பது. மிச்சம் இருபத்தொம்பது வினாடிக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு?”

மூன்று வாரம் அவளுக்கு மெதுவாகக் கழற்றப் பழக்கினார்கள். இதற்குள் சலவை மேற்பார்வையாளரிடம் மற்றப் பெண்கள் நிஜச் சந்தேகங்களையே கேட்க ஆரம்பித்திருந்தார்கள். வலிக்கிறது டாக்டர் என்பார்கள், தூக்கம் வரவில்லை டாக்டர் என்பார்கள். அவர் என்ன செய்வார் பாவம். தலையைச் சாய்த்து, “ம்” என்பார். அதுவே பலருக்கு ஆறுதலாக இருந்தது. ஒருத்தி அவருக்கு நன்றி சொல்லிப் பூங்கொத்துகூடக் கொடுத்தாள்.

நான்காம் கட்டம் கேள்விப் பரிசீலனைக் குழு. சர்ஜனிடம் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். குழுவில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அதிகாரி, ஒன்றில் எழுத்தர், மூன்றாவது காலி. அது நோயாளிகளின் பிரதிநிதிக்கு உரியது, அவர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றார்கள்.

துறுதுறு பதினான்கு கேள்விகள் எழுதியிருந்தாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

“‘பொருந்தவில்லை என்றால் என்ன?’ இது அகராதியைக் கேக்க வேண்டியது. அடி. ‘எனக்கு இது ஏன் வந்தது?’ தத்துவம். அடி. ‘விட்டுவிட்டால் என்ன ஆகும்?’ இது டாக்டரைப் பயமுறுத்தற மாதிரி இருக்கு. அடி.”

எழுத்தர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

“பாருங்கம்மா, கேள்வி குறையக் குறையத்தான் ஆயத்தம் கூடும். போன மாசம் ஒரு அம்மா பூஜ்யத்துக்கே வந்துட்டாங்க. ஒரு கேள்விகூடக் கிடையாது. எங்க வரலாத்துலயே முதல் தடவை.”

“அவங்க டாக்டரைப் பாத்தாங்களா?”

“கேள்வியே இல்லாதவங்க எதுக்கும்மா டாக்டரைப் பாக்கணும்? சான்றிதழ் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டோம்.”

கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் பிழைத்திருந்தது: வெட்டணுமா, வேண்டாமா? அதிகாரி அதை நீண்ட நேரம் பார்த்தார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, ஒன்றை எடுங்கள் என்றார். எழுத்தர் முதல் பாதியை அடித்தார். துறுதுறு சர்ஜனிடம் கேட்பதற்கு ஒப்புதல் பெற்ற ஒரே கேள்வி ‘வேண்டாமா?’ என்று முத்திரை குத்தப்பட்டுப் பச்சைப் புத்தகத்தில் ஒட்டப்பட்டது.

ஐந்தாம் கட்டம் சில்லு வாங்குவது. அவள் சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிப் பார்த்திருந்தார்கள். சர்ஜனைப் பார்க்கப் போகும்போது நோயாளியே அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சில்லுகள் தரைக்கு அடியில், கீழ்த்தள ஆய்வகத்தில் இருந்தன.

ஆய்வகத்தின் சின்ன ஜன்னலில் ஒரு பெண் ஊழியர் இருந்தார். “யாரோட சில்லு?”

“என்னோடதுங்க.”

“இது ஆஸ்பத்திரியோடது. உங்க உடம்பை விட்டு வெளிய வர்ற வரைக்கும்தான் உங்களோடது. வெளிய கொண்டுபோக அனுமதிச் சீட்டு இருக்கா?”

“நான் உள்ள கொண்டுவந்தப்போ யாரும் சீட்டு கேக்கலீங்களே.”

ஊழியர் இதற்கான விதியைத் தேடிக் கோப்புகளைப் புரட்டினார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப் பதிந்த தடம் இருந்தது. நாள் முழுக்க இருட்டறையில் சில்லு பார்க்கிற டாக்டர். அவள் கையிலிருந்த புத்தகத்தில் பெயரும் எண்ணும் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“நீங்களா? அந்த ரெண்டாவது வரி நான்தான் எழுதினேன். சர்ஜன் என்ன சொன்னாரு?”

“இன்னும் பாக்கலீங்க.”

“இன்னுமா? ஒம்பது வாரம் ஆச்சேம்மா. ரெண்டு வாரத்துக்குள்ள பாக்கணும்னு எழுதியிருந்தேனே.”

“அப்படி ஒண்ணும் அதுல இல்லீங்க. ரெண்டு வரிதான் இருந்துச்சு.”

டாக்டர் ஜன்னலுக்கு அருகில் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூணு வரி எழுதினேன். நோயாளி பதட்டப்படுவாங்கன்னு ஒண்ணை மேலிடத்துல எடுத்திருப்பாங்க. இங்க பாருங்கம்மா, பயப்படாம கேளுங்க. ஸ்கேன் படத்துல உங்க கட்டி ஓரமெல்லாம் முள்ளு முள்ளா இருக்கு. ஊசியில வந்த சதை ரொம்ப சாதுவா இருக்கு. ரெண்டும் ஒரே கட்டி மாதிரி எனக்குத் தோணல. ஊசி குறி தப்பிப் பக்கத்துல போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அதை முடிவு பண்றதுக்குத்தான் சர்ஜன்.”

இந்த ஒன்பது வாரத்தில் அவளுக்கு விஷயத்தைச் சொன்ன முதல் ஆள் இவர்தான். சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டாக்டரே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த சில்லுகளின் அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியிலேயே கண்ணை நீர் மறைத்தது. முதல் மாடி நடைபாதைக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள். எத்தனையோ நாளாகக் கட்டிக் காத்த பயம் எல்லாம் சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டு ஆயத்த அதிகாரி ஓடிவந்தார்.

“என்னம்மா இது, இது அழுகை அறை இல்லீங்களே. இங்க அழுதா கணக்குல வராது. உங்களுக்கு அடுத்த வாரம் செவ்வாக்கிழமைதான் மறு வாய்ப்பு.”

“சார், எனக்கு அவசரம். ஊசி தப்பியிருக்கலாமாம். நான் இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும்.”

“அவசரமா? அதுக்கும் வசதி வச்சிருக்கோம்.” அதிகாரி ஒரு சிவப்புப் புத்தகத்தை எடுத்தார். “இது அவசர ஆயத்தம். பதினாறு வாரம்.”

“சாதாரணத்தைவிட அதிகமா இருக்கே.”

“அவசரப்படறவங்களுக்குத்தான் நிதானம் அதிகம் தேவைப்படுது. நாங்க ஆராய்ச்சி பண்ணித்தான் வச்சிருக்கோம். ஆயத்தமில்லாம ஒருத்தர் உள்ள போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அவங்க பாட்டுக்கு எதையாவது கேட்டுருவாங்க. டாக்டரும் பதில் சொல்லிருவாரு. அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு?”

துறுதுறு பச்சையோடேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கருவிப் பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தார். முதல் வரி மட்டும் தெரியும்படி மடித்திருந்த மடிப்பு நைந்து கிழியும் நிலையில் இருந்தது.

“ரெண்டாவது வரியை நான் அன்னிக்கே படிச்சுட்டேன்,” என்றார். “தினம் படிக்கிறேன். லிப்ட்டுக்குள்ள நின்னு படிக்கிறேன். உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு நாளும் தனியாகத்தான் பயந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். இல்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினோராவது வாரம் வந்தது, அதற்குள் அழுகைக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. ஆறாம் கட்டம் ஒத்திகை. ஆயத்தக் கூடத்தில் பத்தொன்பது பெண்கள், பத்தொன்பது துணையாட்கள். கதவைத் தட்டுவது, உட்காருவது, ஒப்புதல் பெற்ற கேள்வியைக் கேட்பது, நன்றி சொல்லி எழுந்திருப்பது எல்லாவற்றையும் கோரஸாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத் தேறாதவர்கள் மறுபடியும் இரண்டாம் கட்டத்துக்குப் போவார்கள் என்று அதிகாரி அறிவித்தார்.

“நன்றியை இன்னும் கொஞ்சம் சுருக்கமா சொல்லலாம்,” என்றார் அவர். “‘ரொம்ப நன்றி’யில அந்த ‘ரொம்ப’ எதுக்கு? ஒரு வினாடி. பத்தொம்பது பேருக்குப் பத்தொம்பது வினாடி.”

துறுதுறுவுக்குக் கால் ஆட ஆரம்பித்தது. கைவிரல் மேஜையைத் தட்டியது. பிறகு அவளே எதிர்பார்க்காமல் எழுந்து நின்றாள்.

“உக்காரு,” என்றார் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு. “மார்க் போயிரும்.”

“போகட்டும் அண்ணி.”

சில்லுப் பெட்டியும் ரிப்போர்ட்டும் படமும் இருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் தடுப்பதற்கு ஆளே போட்டிருக்கவில்லை. அப்படி ஒருத்தி எழுந்து போவாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நடைபாதையில் நாற்பது அடி நடந்தாள். சர்ஜனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, காவல் இல்லை. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அதை அவர் முதல் தடவை படிப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ‘காத்திருப்போரே இல்லாத மருத்துவர்’ என்று ஒரு கேடயம் மாட்டியிருந்தது.

“டாக்டர்...”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “வாங்க, வாங்க. வழி தவறிட்டீங்களா?”

“இல்லீங்க. உங்களைத்தான் பாக்க வந்தேன். நான் நோயாளி.”

அவர் கிட்டத்தட்ட ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலி வலது பக்கம்தான் இருந்தது. அவள் பெட்டியைக் கொடுத்தாள், கணவரின் பையில் நைந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தாள், ஸ்கேன் படத்தைக் கொடுத்தாள். முத்திரை குத்திய கேள்வியைக் கேட்கவில்லை. தன் கேள்வியைக் கேட்டாள்.

“வெட்டணுமா, வேண்டாமா டாக்டர்?”

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். அனுமதி கேட்டுக்கொண்டு கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார், அக்குளையும் அழுத்திப் பார்த்தார். அவர் கை சில்லென்று இருந்தது, ஆனால் நிதானமாக இருந்தது.

“வெட்டி எடுத்துப் பாக்கணும்மா. பெரும்பாலும் ஒண்ணுமில்லாமத்தான் இருக்கும். ஆனா பாக்காம நான் அப்படிச் சொன்னா, அது உங்களைச் சமாதானப்படுத்தறதா ஆகும், வைத்தியமா ஆகாது. சின்ன ஆபரேஷன்தான், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்குக் காலையில வாங்க, நானே எடுத்துடறேன்.”

“நாளைக்கேவா?”

“எனக்கு நாளைக்கு வேற வேலை இல்ல.” ரிப்போர்ட்டின் மேலே இருந்த தேதியில் அவர் கண் விழுந்தது. “இது பதினோரு வாரத்துக்கு முந்தினது. இந்த மாதிரி பொருந்தாத ரிசல்ட் வந்தா உடனே வரணும். ஏம்மா இவ்வளவு நாளா வரல?”

“தயாராகிட்டிருந்தேன் டாக்டர்.”

“எதுக்கு?”

“உங்களைப் பாக்கறதுக்கு.”

அவர் அவளைப் பார்த்தார், பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த கேடயத்தையும் பார்த்தார்.

“நான் இங்கதானேம்மா இருந்தேன்,” என்றார்.

துறுதுறுவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம். பதினோரு வாரம் ஒரு கட்டியை உடம்பில் வைத்துக்கொண்டு பட்டன் கழற்றப் பழகியிருக்கிறாள். உள்ளே இருப்பது சாதுவா இல்லையா என்று தெரியாது. சாது இல்லை என்றால், அந்தப் பதினோரு வாரத்தை அதற்கு இவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள். எழுந்தாள். இந்தத் தடவை நாற்பது அடியை அவள் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

கூடத்தில் நன்றி ஒத்திகை இன்னும் முடியவில்லை.

“டாக்டர் சும்மாதான் உக்காந்திருக்காரு,” என்றாள் வாசலிலிருந்தே. “கதவு திறந்துதான் இருக்கு. நான் பாத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு எனக்கு ஆபரேஷன்.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“அந்தச் சந்திப்பு செல்லாதும்மா. அஞ்சு கையெழுத்துதான் இருக்கு. நீங்க டாக்டரைப் பாத்ததா நாங்க எடுத்துக்க முடியாது.”

முன்வரிசை நோட்டுக்கார அம்மாள் கை தூக்கினார். “சார், இவங்க இப்போ சொன்னது பரீட்சையில வருமா?”

“வராது,” என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் எழுதியதை அடித்தார்.

அப்போது துறுதுறுவின் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கேள்விப்பட்டதை நம்ப முடியாமல் சர்ஜன் தானே நடந்து வந்திருந்தார். வாசலில் நின்று, கூடம் நிறைய உட்கார்ந்திருந்த பெண்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொருவர் மடியிலும் பச்சைப் புத்தகம் இருந்தது. அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சலவை மேற்பார்வையாளர்தான் சர்ஜன் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

“டாக்டர், உங்க நேரம்...” என்று பதறி முன்னால் வந்தார் அதிகாரி.

சர்ஜன் அவரைக் கவனிக்கவில்லை. “அடுத்தது யாரும்மா?” என்று கேட்டார்.

பெண்கள் அவரைப் பார்த்தார்கள், அதிகாரியைப் பார்த்தார்கள், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்கு அவர்களை யாரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. துறுதுறு முன்வரிசைக்குப் போய், நோட்டுக்கார அம்மாளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“எனக்கு இன்னும் ஒத்திகைக் கையெழுத்து விழலியே,” என்றார் அவர்.

“எத்தனை வாரமா வர்றீங்க?”

“முப்பத்தொண்ணு,” என்றார் அந்த அம்மாள்.